மலையைக் காத்த பங்குத் தண்ணீர்

மழைநீரைத் தேக்கினால் விளைச்சல் பெருகும் என்பது விவசாயிகள் அறிந்ததே. ஆனால் தேக்கிய நீர் யாருக்குச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், கட்டிய அணை வண்டலால் தூர்ந்துவிடும். நீர்ப் பங்கீட்டுக்கும் வண்டலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அரியானா மாநிலத்தில், இன்றைய பஞ்ச்குலா மாவட்டத்தில் உள்ள சுகோமாஜ்ரி என்ற சிற்றூரின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

ஏரியில் சேர்ந்த வண்டல்

சண்டீகர் நகரில் 1958-ம் ஆண்டு சுக்னா ஏரி அமைக்கப்பட்டது. சிவாலிக் மலையடிவாரத்து ஓடைகளே இதற்கு நீர் தருகின்றன. இருபது ஆண்டுகள் ஆவதற்குள் ஏரியின் கொள்ளளவில் பெரும் பகுதியை வண்டல் அடைத்துக்கொண்டது. தூர் வாருவதால் மட்டும் பயனில்லை என்ற நிலையில், மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் சண்டீகர் மையத்தைச் சேர்ந்த பி.ஆர். மிஸ்ரா முதலியோர் வண்டல் வரும் இடத்தைத் தேடிச் சென்றனர். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஒரே அளவில் அரிக்கப்படவில்லை. அதில் ஒரு சிறு பகுதியே வண்டலில் பெரும் பங்கை அனுப்பி வந்தது. அங்கே மொட்டையாகிவிட்ட மலையின் அடியில் இருந்த ஊர்தான் சுகோமாஜ்ரி.

மலை ஏன் மொட்டையாயிற்று?

இங்கு ஆண்டு மழை சுமார் 1,100 மி.மீ. இது குறைந்த மழை அல்ல. ஆனால் பெரும் பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். குளிர்காலக் கோதுமைக்கு வேண்டிய சமயத்தில் நீர் இராது. மானாவாரி விளைச்சலை நம்ப முடியாத மக்கள் ஆடு மாடுகளை நம்பினர். அவை மலையில் மேய்ந்தன. புல்லும் செடியும் போன பின், இளகிய சிவாலிக் மண் ஒவ்வொரு மழையிலும் கரைந்து ஓடியது. பள்ளங்கள் வளர்ந்து வயல்களையும் விழுங்கத் தொடங்கின.

மலைச்சரிவில் குழிகள் வெட்டப்பட்டன. கருங்காலி, சீஷம் மரக்கன்றுகளும், ரயில் கற்றாழையும், பாபர் புல்லும் நடப்பட்டன. ஆனால் ஆடு மேயும் இடத்தில் கன்று பிழைக்காது. மலை முழுவதற்கும் முள்வேலி போடுவதும் காவல் வைப்பதும் நடக்கக்கூடிய காரியம் அல்ல.

அணை தந்த நம்பிக்கை

1976-ம் ஆண்டு ஊரின் மேற்புறத்தில் மண் அணை கட்டப்பட்டது. அரிப்பைத் தடுத்து நிறுத்துவதே இதன் முதல் நோக்கம். ஆனால் அணையில் நின்ற நீரைக் கண்ட விவசாயிகள், வாடும் கோதுமைக்கு அதைத் தரும்படி கேட்டனர். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானாக இறங்குமாதலால், இயந்திரம் இல்லாமல் பூமிக்கடியில் பதித்த குழாய்கள் மூலம் வயலுக்குப் பாய்ச்ச முடிந்தது. தக்க சமயத்தில் கிடைத்த பாசனத்தால் விளைச்சல் கூடியது. மலையைக் காத்தால் நீர் வரும் என்பதை மக்கள் கண்ணால் கண்டனர்.

நிலமில்லாதவருக்கு என்ன லாபம்?

இங்குதான் சிக்கல் எழுந்தது. அணைக்கு அருகில் நிலம் உள்ளவருக்கு நீர் கிடைத்தது. எட்டாத இடத்தில் நிலம் உள்ளவருக்கும், நிலமே இல்லாதவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் மலையில் ஆடு மேய்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. நீரே பெறாதவர் தம் ஆட்டை ஏன் நிறுத்த வேண்டும்? அவர் நிறுத்தாவிட்டால் மண் கரையும், அணை தூரும், நீர் பெறுபவரும் இழப்பார்.

இதற்கு ஊர் கண்ட வழி எளியது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அணை நீரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சம பங்கு என்று தீர்மானித்தனர். உதாரணமாக, நான்கு குடும்பங்களில் ஒன்றுக்கு நிலம் இல்லை என்று கொள்வோம். நீரில் கால் பங்கு அதற்கும் உண்டு. அந்தப் பங்கை அது நிலமுள்ளவருக்கு விற்றுக்கொள்ளலாம். இதனால் நிலமற்றவருக்கும் மலை ஒரு சொத்தாயிற்று. வெளியாரோ உள்ளூராரோ கால்நடையை ஓட்டி வந்தால் தடுக்க, ஊரே காவலாயிற்று. முள்வேலிக்குப் பதில் அமைந்த இதனைச் சமூக வேலி என்கின்றனர்.

புல்லும் பாலும்

மேய்ச்சல் நின்றபின் மலையில் புல் செழித்தது. அதை அறுத்து வந்து கொட்டிலில் போடும் பழக்கம் ஏற்பட்டது. ஆடுகள் குறைந்து எருமைகள் கூடின. பால் வருமானம் பெருகியது. கயிறு திரிக்கவும் காகிதம் செய்யவும் உதவும் பாபர் புல்லை முன்பு வனத்துறை ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டு வந்தது. பின்னர் ஊர்ச் சங்கமே அதைக் குத்தகைக்கு எடுத்தது. ஏரிக்கு இப்பகுதியிலிருந்து வந்த வண்டலும் வெகுவாகக் குறைந்தது. மக்களும் வனத்துறையும் கூட்டாகக் காட்டைப் பேணலாம் என்று 1990-ம் ஆண்டு மத்திய அரசு விடுத்த சுற்றறிக்கைக்கு முன்னோடியான முயற்சிகளில் சுகோமாஜ்ரியும் ஒன்று.

பிற்கால அனுபவம்

எல்லாம் நல்லபடியே நீடித்தது என்று சொல்வதற்கில்லை. சம பங்கு முறை நாளடைவில் கைவிடப்பட்டு, பாய்ச்சும் நேரத்துக்குக் கட்டணம் என்றாயிற்று. புல் வருமானத்தில் வனத்துறைக்கும் சங்கத்துக்கும் உரிய பங்கு பற்றிப் பிணக்கு எழுந்தது. அணைகளிலும் வண்டல் சேர்ந்தது. ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

கவனிக்க வேண்டியவை

நீர்ப்பிடிப்புப் பணியில் இறங்கும் எந்த ஊரும் மூன்று விஷயங்களை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, மண் எங்கிருந்து வருகிறது என்று மேலேறிப் பார்த்த பிறகே கீழே செலவு செய்ய வேண்டும். இரண்டாவது, மண்வெட்டி பிடிக்கும் முன்பே நிலமற்றவரின் பங்கை ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

கரை மண்ணால் ஆனதுதான். ஆனால் அதை நிலைக்க வைப்பது ஊரார் தமக்குள் செய்துகொள்ளும் நியாயமான ஏற்பாடே ஆகும்.