வசந்துக்காக ஒரு கொலை

வள்ளியூர்.

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

'நைலான் கயிறு' தொடங்கிக் கணேஷ்-வசந்த் கதைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வருவதாகவும், பிற்காலத்துக் கதைகளில் ஐம்பது பக்கம் தாண்டுவதே பெரும்பாடாக இருப்பதாகவும், ஆனாலும் நிறுத்தினால் சுஜாதாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். துரோகம் என்ற சொல்லை அவர் கதையில் வருகிற வில்லன்களுக்கு விட்டுவிடு. தாராளமாக நிறுத்தலாம். ஆனால் எதற்காக நிறுத்துகிறோம் என்று தெரிந்து நிறுத்த வேண்டும். அதற்கு அந்த வரிசை எந்த இடத்தில் சரிந்தது, அந்தச் சரிவில் நம்மைப் போன்ற வாசகர்களுக்கு என்ன பங்கு என்று பார்த்துவிடுவது நல்லது.

1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' வந்தபோது அதில் வசந்தே கிடையாது. கணேஷும் அந்தக் கதைக்குத் தலைவன் இல்லை. ஒரு கொலை, ஒரு பெண்ணின் டைரி, விடாமல் துப்புத் தேடும் போலீஸ், இவற்றுக்கு நடுவே குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாட வருகிற ஒரு வக்கீல், அவ்வளவுதான். கதைக்கு வக்கீல் தேவைப்பட்டார், வந்தார், வாதாடினார். பிறகு வசந்த் வந்து சேர்ந்தான். மூத்தவரின் நிதானத்துக்கு இளையவனின் துடுக்கு ஈடு கொடுத்தது. 1981-ல் வந்த 'கொலையுதிர் கால'த்தை எடுத்துப் பார். நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்ற வழக்கை அந்த இருவருமே ஆளுக்கொரு பக்கம் நின்று நடத்துகிறார்கள். வசந்தின் பயத்தை எடுத்துவிட்டால் அந்த நாவல் நிற்காது, கணேஷின் பிடிவாதத்தை எடுத்துவிட்டாலும் நிற்காது. இருவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. உன்னைச் சலிக்க வைத்த கதைகளில் நிலைமை தலைகீழ். தம்புச் செட்டித் தெரு ஆபீஸ், ஒரு பெண் கட்சிக்காரர், வசந்தின் கமெண்ட், கணேஷின் அதட்டல், ஆரம்பித்தவுடன் அடக்கப்படும் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக். இந்தச் சடங்குகள் எல்லாம் முடிந்த பிறகுதான் பிணம் விழுகிறது. யார் செத்தார், ஏன் செத்தார் என்பதில் ஆசிரியருக்கே அத்தனை அக்கறை இல்லை. ஆரம்பத்தில் குற்றத்துக்காகக் கணேஷ் வந்தான்; பிற்பாடு கணேஷும் வசந்தும் வந்து போவதற்காகக் குற்றம் நடக்கிறது. நீ மூடி வைத்த புத்தகங்களின் குறை இதுதான் என்று நினைக்கிறேன். நடை அப்போதும் சுஜாதாவின் நடைதான், அதில் பழுதில்லை.

இது ஏன் நடந்தது என்றால், நாம் கேட்டோம், அவர் கொடுத்தார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் எஞ்சினியர் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளில் தொடர் எழுதிய மனிதர் அவர். போதாததற்கு மாத நாவல்கள் வேறு. ஒவ்வொரு பத்திரிகை ஆசிரியருக்கும் வாசகருக்கும் வேண்டியது கணேஷ்-வசந்த். அதிலும் முக்கியமாக வசந்த். அந்த ஜோடிக்கு இருந்த கிராக்கி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் 80-களின் மாத நாவல்களைப் புரட்டு. பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்-சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்-வைஜயந்தி, ராஜேஷ்குமாருக்கு விவேக்-ரூபலா என்று ஜோடி இல்லாமல் துப்பறிவதே முடியாது என்கிற நிலை. இங்கிலாந்திலும் இதே கதைதான். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் மற்ற எழுத்தையெல்லாம் விழுங்குகிறான் என்று கானன் டாயில் 1893-ல் அவனை அருவியில் தள்ளிப் பார்த்தார். வாசகர்கள் விடவில்லை. 1903-ல் அவன் உயிரோடு திரும்பினான், 1927 வரை எழுதினார். அந்தக் கடைசிக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், திரும்பி வந்தது பெரும்பாலும் தொப்பியும் பைப்பும்தான்.

நம் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, புலவர் எதைச் சொன்னாலும் பக்கத்தில் குடமும் உடுக்கும் வைத்திருப்பவர்கள் "ஆமா" போடுவார்கள். அது அவர்கள் வேலை. எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு அந்த வேலை இல்லை. கதை இழுவையானால் நாலு பேர் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். புலவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவுவார். விசுவாசமான வாசகன் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆள், எழுந்து போகாததோடு நில்லாமல், மேடையேறி ஆமா போட ஆரம்பித்தவன். எழுத்தாளருக்கு அவனால் தெரியவருவது ஒன்றுமில்லை.

சுஜாதா 2008-லேயே போய்விட்டார், இனி நான் எழுந்து போனால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். கடமைக்குப் படித்த பத்துக் கதைகள் பிரியத்தோடு படித்த மூன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு 'நிர்வாண நகர'த்தை நினைத்தாலும், அந்த இளைஞன் நகரத்தின் மேல் கொண்ட கோபம் நினைவுக்கு வருவதற்கு முன்னால் வசந்தின் ஏதோ ஒரு அசட்டு ஜோக் வந்து நிற்கும். அதுவும் போக, நீ படிப்பவர் சுஜாதா மட்டும் இல்லையே. உயிரோடு இருந்து தொடர்ந்து எழுதுகிறவர்களையும் நீ இப்படித்தான் படிக்கிறாய்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடிய பலமான வாதம் ஒன்று உண்டு, அதை நீயே இந்நேரம் யோசித்திருப்பாய். 'நைலான் கயிறு' வந்து பதின்மூன்று வருஷம் கழித்துத்தானே 'கொலையுதிர் காலம்' வந்தது? நடுவில் ஒரு சுமாரான கதையைப் படித்துவிட்டு ஒருவர் கணேஷுக்கு முழுக்குப் போட்டிருந்தால் அதை இழந்திருப்பாரே? கானன் டாயிலும் ஹோம்ஸைக் கொன்று எட்டு வருஷத்துக்குப் பிறகுதான் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையை எழுதத் தொடங்கினார். அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று சொல்பவர்கள் ஏராளம். உண்மைதான், சரிவு நேர்கோட்டில் போவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், விடுவதாக இருந்தால் புத்தகத்தை விடு, ஆளை விடாதே. கணேஷ்-வசந்த் கதைகள் தனித்தனி வழக்குகள். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் எதுவும் புரியாமல் போகாது. ஐம்பது பக்கத்தில் பிடிக்கவில்லையா, வைத்துவிட்டு அடுத்ததை எடு. சபதம் எல்லாம் வேண்டாம். தொடரை விட்டாலும் நல்ல புத்தகம் காதுக்கு வராமல் போகாது. 'கொலையுதிர் காலம்' இன்றைக்கும் யாராவது ஒருவர் சொல்லித்தான் புது வாசகருக்குப் போய்ச் சேர்கிறது.

ஒரே கதையாக நீளும் தொடர்களுக்கு இந்த வழி உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நம்மைக் கட்டிப் போடுவது முடிவு தெரிய வேண்டும் என்ற ஆவல். ஆனால் அந்த ஆவலை நாம் கொஞ்சம் அதிகமாகவே மதிக்கிறோம். ஜெயமோகன் 2014-ல் 'வெண்முரசு' எழுத ஆரம்பித்து 2020-ல் முடித்தார். மொத்தம் 26 நாவல்கள். மகாபாரதத்தின் முடிவு தெரியாத தமிழர் யார்? தெரிந்திருந்தும் தினம் ஒரு அத்தியாயமாகப் படித்து உடன் போனவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருந்தது அன்றன்றைய அத்தியாயம். அந்தப் பிடி தளர்ந்த இடத்தில் நின்றுவிட்டவர்களும் உண்டு, அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். முடிவு ஒன்றுதான் உன்னை இழுக்கிறது என்றால், படித்தவர் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள். ஐந்து நிமிஷ வேலை. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதி முடித்தபோது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்தெடுத்தார்கள். அவர் ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆறாம் பாகம் எழுதியிருந்தால் விற்காமலா போயிருக்கும்? ஐந்தோடு நின்றதால்தான் அதைப் படிக்கிறவர்கள் இன்றும் கடைசிப் பக்கம் வரை போகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மாறுவதையெல்லாம் சரிவு என்று எண்ணிவிடாதே. நம் பழைய நெல்லை ஜில்லாக்காரரான கி.ராஜநாராயணனைப் பார். 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது, கட்டுக்கோப்பான நாவல். வெகுகாலம் கழித்து ஆனந்த விகடனில் தொடராக வந்த 'கோபல்லபுரத்து மக்கள்' அந்த இறுக்கம் இல்லாதது. சம்பவங்கள் உதிரி உதிரியாகப் போகும். அதற்குத்தான் 1991-ல் சாகித்திய அகாடமி பரிசு கொடுத்தார்கள். முதல் நாவலை எதிர்பார்த்துப் படிப்பவருக்கு இரண்டாவது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊர் சுதந்திரப் போராட்டத்தை எப்படி எதிர்கொண்டது என்று சொல்வதற்கு அவரிடம் புதிய விஷயம் இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்ததாலேயே அது கெட்டுவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் பொறுமையாக இரு. ஆசிரியர் திரும்பி வந்தது சொல்ல மிச்சம் இருந்ததாலா, கேட்க ஆள் இருந்ததாலா என்று பார். நாலு அத்தியாயத்தில் உனக்கே தெரிந்துவிடும்.

நன்றி என்று ஒன்று இல்லையா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். இருக்கிறது. அதைத் தீர்க்கும் வழி, நல்லதை நாலு பேருக்குச் சொல்வதும், நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்றே சொல்வதும். சுஜாதாவே மற்றவர்களின் எழுத்தைப் பற்றி அப்படித்தான் ஒளிக்காமல் எழுதினார். வரிசை முழுவதையும் வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருப்பதும் தெரிகிறது. வாங்கி அடுக்கு, அதில் தப்பில்லை. பாளையங்கோட்டையில் புத்தகத் திருவிழா போடும்போது விடுபட்டவற்றைச் சேர்த்துக்கொள். வாங்கியதாலேயே படித்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தூசி மட்டும் தட்டிவிடு, நம் ஊர்க் காற்றுக்குப் பழைய சாணித்தாள் சீக்கிரம் பொடிந்துபோகும்.

அன்புடன்,
மாமா