நீராட்டிய பின் நாய்களுக்கு உண்டாகும் கண் எரிச்சல்

வீட்டு நாயை நீராட்டி, மயிர் கத்தரித்துச் சீவிவிட்ட சில மணி நேரத்திற்குள், அது ஒரு கண்ணை இடுக்கிக்கொள்வதையும் முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பதையும் காணலாம். மும்பையின் குர்லா போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், சிறிய குளியலறையில் ஒருவர் நாயைப் பிடித்திருக்க மற்றொருவர் நீர் ஊற்றும்போது, சோப்பு நுரை கண்ணில் இறங்குவது எளிது. இது பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். எனினும் தணியாத எரிச்சலை அலட்சியம் செய்தால் பார்வைக்கே கேடு நேரக்கூடும்.

கண்ணின் அமைப்பு

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் படலம் 'கார்னியா' எனப்படும். நாய்களில் இதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. கண்ணீர் இதனை ஈரமாக வைத்துக் காக்கிறது. மூக்கை ஒட்டிய மூலையில் மூன்றாம் இமை ஒன்றும் நாய்க்கு உண்டு. வெட்டப்பட்ட மயிர்த்துணுக்கு இதன் பின்னே சிக்கினால், இமைக்கும் ஒவ்வொரு முறையும் கார்னியாவை உராயும்.

காரணங்கள்

சோப்பும் ஷாம்பூவும் கண்ணீரின் மேலுள்ள கொழுப்புப் பூச்சைக் கலைத்து, கார்னியாவின் மேலணுக்களைச் சிதைக்கின்றன. தமிழ்க் குடும்பங்களில் புழங்கும் சீயக்காய்ப் பொடியிலும் நுரைக்கும் பொருள் உண்டு. அதன் துகள்களும் கண்ணை உறுத்தும். குளோரெக்சிடின் கலந்த மருந்து ஷாம்பூக்களும் உண்ணி மருந்துகளும் இவற்றினும் கடுமையானவை. உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்று கண்ணீரை வற்றச் செய்யும். பக், பெக்கினீஸ் முதலிய தட்டை முக இனங்களில் கண்கள் பிதுங்கியிருப்பதால் தீங்கு அதிகம். அவற்றின் கார்னியாவுக்கு உணர்ச்சி குறைவாதலால் புண் வெளிப்படத் தாமதமாவதும் உண்டு.

முதலுதவி

உடனே தூய வெதுவெதுப்பான நீரை, அல்லது மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்பு நீர்மத்தை, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கண்ணில் ஓடவிடுதல் வேண்டும். நாய் கண்ணைத் தேய்க்காவண்ணம் கழுத்தில் கூம்பு மாட்டுவது நன்று. வீட்டில் எஞ்சியுள்ள மனிதர்க்கான கண் சொட்டு மருந்தை இடலாகாது. அதில் ஸ்டீராய்டு இருப்பின், புண் ஆறுவது தடைப்பட்டு மேலும் ஆழமாகும்.

சிகிச்சை

கண் சிவப்பும் இடுக்கலும் சில மணி நேரத்தில் தணியாவிடினும், கண் வெண்மையாக மங்கினாலும், பீளை தள்ளினாலும் தாமதிக்கலாகாது. மருத்துவர் ஃப்ளோரெசீன் என்னும் சாயத்தை இடுவார். மேற்படலம் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். மேலோட்டமான புண் பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் ஆறும். கிருமி புகுந்த புண்ணோ ஓரிரு நாட்களிலேயே கார்னியாவைத் துளைத்துவிடக்கூடும். மும்பையில் பிராணி வைத்தியத்திற்கு நெடுங்கால மரபு உண்டு. பிராணிவதைத் தடுப்புச் சங்கம் 1874-இலும், பரேலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1886-இலும் தொடங்கப்பெற்றன.

தடுக்கும் முறை

தலைக்கு நீர் ஊற்றாது, உடலை முதலில் கழுவி, முகத்தை ஈரத்துணியால் மட்டும் துடைப்பது சிறந்தது. மருந்து ஷாம்பூவைக் கண்ணருகே உபயோகிக்கலாகாது. குழந்தைகளுக்கெனக் 'கண்ணீர் வராதது' என விற்கப்படுவதும் நாயின் கண்ணுக்குத் தீங்கற்றது என்று கொள்வதற்கில்லை. கண்ணோரத்து மயிரை முனை மழுங்கிய கத்தரியால் வெட்டி, துணுக்குகளை உடனே அகற்றுதல் வேண்டும். உலர்த்தும் காற்றை முகத்தின்மேல் நேரே செலுத்தலாகாது. நீராட்டி முடிந்ததும் இரு கண்களையும் வெளிச்சத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது, பின்னர் நேரக்கூடிய பெருந்துன்பத்தைத் தவிர்க்கும்.