மியூனிக் நகரின் மாற்றம்

மியூனிக், செருமனியின் பெருநகரங்களுள் ஒன்று. அதன் நகராட்சிக் கணினிகளில் இயங்கிவந்த விண்டோஸ் என்.டி. 4.0 இயங்குதளத்திற்கான ஆதரவு முடிவுக்கு வரவிருந்தது. கணினிகள் பழுதடையவில்லை, ஆயினும் பாதுகாப்புக் குறைகளைக் களையும் புதுப்பிப்புகள் அதன்பின் கிடைக்கமாட்டா. மூலநிரல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமே இருந்ததால், அக்குறைகளை நகராட்சி தானே சரிசெய்யவும் வழியில்லை. வீடு ஒருவருடையது, சாவி வேறொருவரிடம் என்பது போன்ற நிலை அது.

கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாறுவது குறித்து நகர்மன்றம் ஆராய்ந்தது. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர், நகரத்தந்தை கிறிஸ்டியன் ஊடேயை நேரில் சந்தித்து விலையைக் குறைக்க முன்வந்தார். எனினும் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்றம் லினக்ஸையே தேர்ந்தது. விலையைவிட, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் நிலையே அதற்குப் பெருங்கவலையாக இருந்தது.

‘லிமக்ஸ்’ எனப்பட்ட அத்திட்டம் 2013இல் நிறைவுற்றபோது ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டிருந்தன. இயங்குதளத்தை நிறுவுவதைக் காட்டிலும், துறைதோறும் வெவ்வேறாக இருந்த படிவங்களைப் புதிதாக அமைப்பதே அரிதாயிற்று. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் வடிவம் குலைந்து தோன்றியதால் ஊழியர் சிலர் சலிப்புற்றனர். 2017இல் மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. படிவங்களைக் கையாள நகராட்சி உருவாக்கிய ‘வோல்மக்ஸ்’ மென்பொருளோ, 2008இலேயே மூலநிரலுடன் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டிருந்தது.