இலை பொறித்த நாணயத்தாள்

நாணயந் திரட்டுவோர் பொன்னையும் வெள்ளியையும் நாடுதல் இயல்பு. ஆயின், ஒருகாலத்தில் எவரும் ஏற்க மறுத்த தாள்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோரும் உளர். அமெரிக்கக் குடியேற்றங்களின் பழைய நாணயத்தாள்கள் அத்தகையன.

கியூபெக் நகரைக் கைப்பற்றச் சென்று தோல்வியுற்று மீண்ட படைவீரர்க்குக் கொடுக்கப் பொருளின்றி, மசச்சூசெற்ஸ் குடியேற்றம் 1690ஆம் ஆண்டில் தாளை அச்சிட்டு வழங்கியது. ஏனையவும் அவ்வழிச் சென்றன. தாள்நாணயமாவது கொடுப்போம் என்னும் வாக்குறுதியேயன்றி வேறன்று. நாணயம் என்னும் நம் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறித்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

போலி செய்வோர்க்கு மரணமே தண்டனை எனத் தாளிலேயே பொறித்தும் போலிகள் குறைந்தில. அச்சாளராகிய பெஞ்சமின் பிராங்கிளின் இயற்கையைத் துணைக்கொண்டார். மரவிலையைச் சாந்தில் அழுத்தி, அவ்வடிவினின்று உலோக அச்சு வார்த்து, தாளின் பின்புறத்திற் பதித்தார். ஓரிடத்துத் தடித்தும் ஓரிடத்து நுணுகியும் ஓடும் இலைநரம்பைச் செதுக்குவோன் கை எளிதிற் பற்றுமோ? அவர் மறைத்துவைத்த அச்செய்முறையை எரிக் நியூமன் என்னும் ஆய்வாளர் 1964இல் விளக்கிக் காட்டினார். இலைத்தாள் ஒன்றேனும் இல்லாத திரட்டு, எம் கருத்தில், குறையுடையதே.

பிரித்தானியரை எதிர்த்துப் போர் நடத்துதற்காக, குடியேற்றங்களின் பொதுப் பேரவையாகிய கண்டக் கொங்கிரஸ் 1775 முதல் வெளியிட்ட தாள்கள் 24 கோடி டொலருக்கும் மேற்பட்டன. பகைவர் நியூயோர்க்கிலிருந்து பரப்பிய போலிகளே அவற்றை அழித்தன என்பர். அது முழுவுண்மையன்று. வரி விதிக்கும் அதிகாரமற்ற பேரவை மேன்மேலும் அச்சிட்டதே பெருங்காரணம். 1780இல் நாற்பது தாள் டொலர் ஒரு வெள்ளி டொலருக்கு ஈடெனப் பேரவையே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டில் தாள் வழக்கொழிந்தது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு ஒன்றாகக் கடன்பத்திரம் அளித்தது. தாளை நம்பித் தானியம் கொடுத்துவிட்டு அதனைக் கைவிடாது வைத்திருந்த உழவனுக்குக் கிட்டியது அவ்வளவே.

அக்கண்டத் தாளை வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியன கையால் எழுதிய இலக்கமும் கையொப்பங்களுமாம். கந்தைத்துணியாற் செய்த அத்தாளில் அப்பிரகத் துணுக்குகள் மின்னும். நீல இழைகளுங் காணப்படும். நினைவுப்பொருளாக விற்கப்படும் படிகளிலோ கையொப்பமும் அச்சுமையே. கிழிந்ததை ஊசிநூலாற் தைத்து மீண்டும் வழங்கிய தாள்களும் உள. அவற்றைக் கழுவுதலும் ஒட்டுதலும் ஆகா; தையலையும் பிரிக்கலாகாது.