தொப்பியா, தலையா?

குதிரையேற்றத்தில் டிரெசாஜ் என்னும் போட்டிக்கு வெண்காற்சட்டை, கையுறை, வால்கோட்டு, உயர்ந்த தொப்பி என்பதே நெடுநாள் மரபு. 2010இல் அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை பயிற்சியில் கவசமின்றி விழுந்து, மண்டையோடு உடைந்து நினைவிழந்தார். 2021 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 2023இல் ஹாங்சோவில் ஆசியப் பொற்பதக்கம் வென்ற நம் நாட்டு அணிக்கும் அதுவே விதி.

காரணம் எளிது. குதிரைமேல் இருப்பவர் தலை 2.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தரையை மோதும். கவசத்தின் உள்நுரை நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. நேரம் நீள, விசை குறைகிறது.

இதைக் கற்ற நானே வித்துராவில் கவசத்தை ஸ்கூட்டர்க் கைப்பிடியில் மாட்டிச் சென்று, மழையில் வழுக்கி விழுந்தேன். முழங்கையோடு போயிற்று. ஊரிலுள்ள அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மரபே தொப்பியை விட்டது. நாம் சோம்பலை விடலாகாதா?