கோட்டைக் குரங்குக்கு ராஜா உண்டா?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிக் குன்றில் ஏறப் போகிறவர்களை முதலில் எதிர்கொள்பவை குரங்குகள்தான். உச்சந்தலை முடி குல்லாய் கவிழ்த்ததுபோலப் படிந்திருக்கும் நாட்டுக்குரங்குகள். பெரிய உடம்பும் கிழிந்த காதுமாக ஒன்று மதில்மேல் உட்கார்ந்திருந்தால் போதும், "அதுதான் ராஜா, மத்ததெல்லாம் அதோட குடும்பம்" என்று யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவார்கள்.

நம்பிக்கை: கூட்டம் என்பது ஒரு கடுவனின், அதாவது ஆண் குரங்கின், குடும்பம்.

நாட்டுக்குரங்குக் கூட்டம் மந்திகளுடையது, அதாவது பெண் குரங்குகளுடையது. மந்தி பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போவதில்லை. தாய்க்குக் கூட்டத்தில் என்ன இடமோ, ஏறக்குறைய அதே இடம் மகளுக்கும் கிடைக்கும். வளர்ந்தபின் பிறந்த இடத்தை விட்டு வெளியேறுவது கடுவன்தான். ஒரு கூட்டத்தில் பல கடுவன்கள் இருக்கும். ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு, பெரும்பாலும் சுமுகமாகவே இருக்கும்.

இதற்கு வேர் சாப்பாட்டில் இருக்கிறது. பழுத்த ஆலமரம் ஒன்று பல வயிறுகளை நிரப்பும், ஆனால் ஒரு மந்தி தனியாக நின்று அதைக் காக்க முடியாது. அக்காள், தங்கை, மகள் எனச் சேர்ந்து நின்றால் முடியும். காட்டில் சிறுத்தையைக் கண்டு குரல் கொடுக்கவும் பல கண்கள் வேண்டும். மந்திகள் இப்படிச் சேர்ந்த இடத்துக்குக் கடுவன்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மந்திகள் பலவும் ஒரே பருவத்தில் இணைசேர்வதால், அத்தனையையும் ஒற்றைக் கடுவன் காவல் காக்க இயலாது. அதனால் பல கடுவன்களுக்கு இடம் கிடைக்கிறது.

நம்பிக்கை: எந்தக் குரங்கானாலும் வாழ்க்கை ஒன்றுதான்.

திண்டுக்கல், கரூர் பக்கத்துத் தேவாங்கும் நம் குரங்குகளுக்குத் தூரத்து உறவுதான். அதன் முக்கிய உணவு பூச்சி. பூச்சியைக் கூட்டமாகப் போய்ப் பிடிக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் அசைந்தால் இரை பறந்துவிடும். அதனால் இரவில் தனித்தனியே இரை தேடும், பகலில் முள்மரத்தில் சிலவாகச் சேர்ந்து உறங்கும். 2022இல் கடவூரில் அதற்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இலை தின்னும் சாம்பல் மந்தி வகைக் குரங்குக் கூட்டங்களைக் கர்நாடகத்துத் தார்வாடில் 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா கவனித்தார். அங்கே பெரும்பாலும் கூட்டத்துக்கு ஒரே கடுவன். நேபாளத்து ராம்நகரில் சாம்பல் மந்திக் கூட்டங்களில் பல கடுவன்கள் சேர்ந்திருந்தன. நெருங்கிய உறவுகளிடையேகூட இடம் மாறினால் கூட்டத்தின் அமைப்பு மாறுகிறது.

நம்பிக்கை: வாழைப்பழம் போட்டால் புண்ணியம், குரங்குக்கு ஒன்றும் குறையாது.

செஞ்சிக் கோட்டையின் கல்யாண மஹால் அருகே ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வேப்பமரத்தில் ஏழெட்டுக் குரங்குகள் கொழுந்து கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. ஆளுக்கொரு கிளை, சண்டையே இல்லை. கீழே ஒருவர் பொரிப் பையை அவிழ்த்துக் கொட்டினார். மரம் ஒரு நொடியில் காலியானது. பருத்த மந்தி ஒன்று குவியலின்மேலேயே உட்கார்ந்து, கன்னப் பை இரண்டும் புடைக்க அள்ளி அடைத்தது. குட்டியை வயிற்றோடு அணைத்திருந்த இளம் மந்தி இரண்டு முறை கிட்டே வந்தது, இரண்டு முறையும் பல்லைக் காட்டி விரட்டப்பட்டது.

மரமெங்கும் பரவிக் கிடந்த உணவு ஒரு கைப்பிடிக் குவியலாகிவிட்டால், அதை ஒருவரே வளைத்துக்கொள்ள முடிகிறது. இப்படிப்பட்ட தீனி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கர்நாடகத்துப் பந்திப்பூர்க் காடு சாட்சி. அங்கே, பயணிகள் தீனி போடும் நெடுஞ்சாலை ஓரங்களில், ஒற்றைக் கடுவன் மட்டுமே உள்ள சிறு நாட்டுக்குரங்குக் கூட்டங்கள் உருவாகியிருப்பதை அனிந்தய சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதினார்கள். இந்த இனத்தில் வழக்கமில்லாத அமைப்பு அது. நாம் கை காட்டும் 'ராஜா' இயற்கையில் அரிது. நாம் போடும் தீனிதான் அவனுக்கு அரியணை போடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

குரங்குகள் பெருகிவிட்டன என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொன்று: மைசூரைச் சுற்றிய பகுதிகளில் நாட்டுக்குரங்கு 25 ஆண்டுகளில் 65 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. சாலையோர மரங்கள் போனது அங்கே பெரிய அடி.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இனி வருகிறவர்கள் கூடுவார்கள், பொரிப் பைகளும் கூடும். அன்றைக்குப் பொரி தீர்ந்ததும், பருத்த மந்தி அடுத்த பையைத் தேடி வாசல் பக்கம் போயிற்று. குட்டிக்காரி வேம்பில் ஏறி, விட்ட கிளையிலேயே கொழுந்து கிள்ளத் தொடங்கினாள்.