பம்பருக்குள் மறையும் வேலை

அமெரிக்காவில் கார் ஆடியோ, அலாரம், டேஷ்கேம் பொருத்தும் கடையில் சேர்ந்து ஓராண்டு ஓடிவிட்டதா? இனி உங்கள் கைக்கு வரக்கூடிய பெரிய வேலை, ஸ்போர்ட்ஸ் காரில் ரேடார் டிடெக்டரை வெளியே தெரியாமல் நிரந்தரமாகப் பொருத்துவது. ஆன்டெனா முன் பம்பருக்குள் போய்விடும், கன்ட்ரோல் பெட்டி டேஷ்போர்டுக்குள் போய்விடும். ஓட்டுபவர் பார்ப்பது ஒரு சின்ன விளக்கும் ஒரு பொத்தானும்தான். இதைச் சுத்தமாகச் செய்கிறவரைத் தேடி வெளியூரிலிருந்தும் கார் வரும்.

டூல் பெட்டியைத் திறக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான மாநிலங்களில் சொந்தக் காரில் டிடெக்டர் வைக்கலாம். வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் கூடாது. எடை கூடிய வணிக வாகனங்களில் நாடு முழுக்கத் தடை. மேரிலாந்து வாடிக்கையாளர் தினமும் பாலம் தாண்டி வாஷிங்டனுக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். பணம் வாங்கும் முன்பே கேட்டு, எழுதியும் வாங்கிவிடுங்கள். ரேடாரைக் குழப்பும் ஜாமர் கேட்டால் மறுத்துவிடுங்கள், அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

இனி ஆன்டெனா. வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. போலீஸ் ரேடார் இன்று பெரும்பாலும் கே பேண்ட், அதாவது 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை, இல்லையென்றால் கேஏ பேண்ட், 33.4 முதல் 36 வரை. இந்த அலைகள் பிளாஸ்டிக்கை ஊடுருவும், உலோகத்தில் முட்டித் திரும்பும். பம்பர் உறை பிளாஸ்டிக் என்பதால் பின்னால் ஒளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் உறைக்குள்ளே மோதல் தாங்கும் அலுமினியச் சட்டம் குறுக்கே ஓடுகிறது. ஒரு கார்வெட்டை, டிடெக்டர் கத்துவதற்குள் போலீஸ்காரர் கண்ணில் பட்டுவிடுகிறார் என்ற புகாரோடு கொண்டுவந்தார்கள். பம்பரைக் கழற்றிப் பார்த்தேன். முன்பு யாரோ ஆன்டெனாவை அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஒரு கை அகலம் முன்னால் கொண்டுவந்து, சாலைக்குச் சமமட்டமாக வைத்ததும் சரியாகிவிட்டது.

கார்பன் ஃபைபரிலும் ஏமாந்துவிடாதீர்கள். பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் மின்சாரம் கடத்தும் பொருள் அது, ரேடாரை மறைத்துவிடும். வாடிக்கையாளர் பின்னால் வாங்கி மாட்டிய கார்பன் முன்பாகம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். போலீஸ் லேசரைப் பிடிக்கும் சென்சாரின் கதை வேறு. அந்த லேசர் 904 நானோமீட்டர் ஒளி, பம்பர் உறைக்குள் நுழையாது. சென்சாரை கிரில் இடைவெளியில் சாலையைப் பார்க்கும்படிதான் வைக்க வேண்டும். பின்பக்க ஆன்டெனாவை காரின் சொந்த பிளைண்ட் ஸ்பாட் ரேடாருக்கு அருகே வைத்தீர்களானால், பழைய மாடல்களில் நாள் முழுக்க வீண் அலறல்தான். காரணம், அவற்றில் பலவும் அதே 24 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. முன்னால் க்ரூஸ் ரேடார் இருந்தால் அதன் எதிரே வயர்கூடப் போகக் கூடாது. பம்பரைத் திரும்ப மாட்டியபின் அதற்குக் காலிபரேஷன் தேவைப்படுமா என்று கம்பெனி மேனுவலில் பார்த்து, அந்தச் செலவையும் கொட்டேஷனிலேயே போடுங்கள். பாதியில் சொன்னால் சண்டைதான் வரும்.

ஏர்பேக் பக்கம் கவனம். மஞ்சள் கனெக்டரைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். கண்ணாடியோரத் தூணுக்குள் வயர் போகும்போது திரை ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் விரியும் பையை அது தடுக்கும்.

கரண்ட் எடுப்பதில் நான் ஒருமுறை தப்பு செய்தேன். சாக்கெட் ஃபியூஸில் தட்டி எடுத்தேன். சாவியை அணைத்த பிறகும் மல்டிமீட்டரில் 12 வோல்ட் நின்றது. கார் சில நிமிடம் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், தானாகப் போய்விடும் என்று நினைத்துப் பேனலை மூடிவிட்டேன். அது போகவே இல்லை. கால் ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 6 ஆம்பியர்-ஹவர். எப்போதாவது மட்டும் வெளியே வரும் காருக்கு 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் பத்தே நாளில் இறங்கிவிடும். அப்படியே இறங்கியது. மேலாளர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். இலவசமாகத் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து காரைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து மறுபடி அளக்காமல் எந்த பேனலையும் மூடியதில்லை.

எர்த் எடுக்க கண்ட இடத்தில் ஸ்க்ரூ போடாதீர்கள். கார்வெட்டின் உடல் 1953 முதலே ஃபைபர் வகை, உடல் பேனலில் கரண்ட் திரும்பாது. கம்பெனியே கொடுத்த எர்த் போல்ட்டைத் தேடுங்கள். கிரிம்ப் செய்ததும் கையால் இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் இப்போதே வரட்டும். இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் போகும் வயர் ரப்பர் குரோமெட் வழியாகத்தான் போக வேண்டும், வெறுந்தகரத்தில் உரசினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வயர் மேல் துணி டேப் சுற்றினால் கம்பெனி வயரோடு கலந்துவிடும், சத்தமும் வராது. கேபிள் டையின் வாலை மட்டமாக வெட்டுங்கள். அடுத்து அங்கே கை விடும் மெக்கானிக்கின் முழங்கையைக் கிழிப்பது அந்த முனைதான், என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அந்த மெக்கானிக்கைத்தான் நான் எப்போதும் மனதில் வைத்து வேலை செய்கிறேன். வயரைத் திருடன் கண்ணிலிருந்து மறைக்கிறோம், சக தொழிலாளி கண்ணிலிருந்து மறைக்க நமக்கு உரிமை இல்லை. பம்பருக்குப் பின்னால் சுலபமாகக் கழலும் ஒரு கனெக்டர் வையுங்கள். அதில் என்ன வயர், எந்த ஃபியூஸ் என்று ஒரு லேபிள் ஒட்டுங்கள். மூடும் முன் நாலைந்து படம் எடுத்து, ஒரு கைவரைபடத்தோடு மேனுவல் பையில் போட்டுவிடுங்கள். எல்லாம் சேர்த்துக் கூடுதலாக இருபது நிமிடம்.

நான் பொருத்திய ஒரு கார் முன்பக்கம் இடிபட்டு பாடி ஷாப்புக்குப் போயிருந்தது. அங்கிருந்தவர் லேபிளைப் படித்து, வயரை வெட்டாமல் கனெக்டரைக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டியிருக்கிறார். அப்புறம் எங்கள் கடைக்கு போன் செய்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் துணி டேப்பை எங்கே வாங்குகிறீர்கள்?